வசதியான வீட்டுப் பிள்ளையா, இல்லாத வீட்டுப் பிள்ளையா: பதின்வயதில் யார் கையில் சிகரெட் அதிகம்?

கணக்குப்புலி (இழையைத் தொடங்கியவர்)

நம்மிடம் இரண்டு நம்பிக்கைகள் ஒன்றாகவே உலவுகின்றன. ஒன்று, "கையில் காசு புழங்குகிற வீட்டுப் பிள்ளைதான் கெட்டுப்போகும்". இன்னொன்று, "அந்தப் பழக்கமெல்லாம் கூலி வேலை பார்க்கிற வீட்டுப் பசங்களிடம்தான்". ஒரே ஆள் இரண்டையும் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதுவும் அடித்துச் சொல்வார்கள். எது சரி என்று கேட்டால், எந்த நாட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவிலும் கனடாவிலும், உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகத்தோடு சேர்ந்து, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடக்கிறது. 1983-இல் ஆரம்பித்தது. 11, 13, 15 வயதுப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து பெயர் எழுதாமல் நிரப்பிக் கொடுப்பார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வீட்டு வசதியை அவர்கள் அளக்கும் விதம். அப்பா சம்பளம் எவ்வளவு என்று 13 வயதுப் பிள்ளையிடம் கேட்டால் உதட்டைப் பிதுக்கும். அதனால் பிள்ளைக்குக் கண்ணால் தெரிந்ததைக் கேட்கிறார்கள். வீட்டில் கார் உண்டா, ஒன்றா இரண்டா? உனக்குத் தனி அறை உண்டா? போன வருடம் எத்தனை முறை குடும்பத்தோடு வெளிநாட்டுக்குச் சுற்றுலா போனீர்கள்? கணினி எத்தனை? குளியலறை எத்தனை? பாத்திரம் கழுவும் மிஷின் இருக்கிறதா? இந்தப் பதில்களைக் கூட்டி மதிப்பெண் போட்டு, அந்தந்த நாட்டுக்குள் வசதி வரிசையில் பிள்ளையை நிறுத்துகிறார்கள்.

இந்தத் தரவில் 15 வயதினரை மட்டும் எடுத்து, 33 ஐரோப்பிய நாடுகளோடு இஸ்ரேலையும் கனடாவையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம்தான் புகைப்பழக்கம் அதிகம். ஆனால் அந்த இடைவெளி எல்லா நாட்டிலும் ஒரே அளவில் இல்லை. நாடு எவ்வளவு பணக்கார நாடோ, இடைவெளி அவ்வளவு பெரிது.

சாதாரணமாக நாம் எதிர்பார்ப்பது தலைகீழ் அல்லவா? நாடு வளர்ந்தால் ஏழைப் பிள்ளைக்கும் நல்ல பள்ளி, நல்ல மருத்துவம் கிடைத்து வித்தியாசம் குறைய வேண்டும். ஏன் கூடுகிறது? உங்கள் ஊர் நிலவரத்தோடு எழுதுங்கள்.

டீக்கடைபெஞ்ச்

பாத்திரம் கழுவும் மிஷினை வைத்து வசதியை அளப்பதா? நம் ஊரில் பங்களா வீட்டுக்குக்கூடப் பாத்திரம் தேய்க்க அக்காதான் வருகிறார். தனி அறை என்றால் கூட்டுக் குடும்பத்தில் ஜவுளிக்கடை முதலாளி பேரனுக்கும் கிடையாது. இந்த மதிப்பெண்ணில் பாதி பணம், பாதி வாழ்க்கை முறை. அதை வைத்து நாட்டுக்கு நாடு ஒப்பிட்டால் என்ன வரும்? வெள்ளைக்காரன் கணக்குதான் வரும்.

கணக்குப்புலி

நியாயமான கேள்வி. அதனால்தான் நாட்டுக்கு நாடு நேராக ஒப்பிடாமல், அந்தந்த நாட்டுக்குள் மேலே இருப்பவர், கீழே இருப்பவர் என்று பிரித்து, பிறகு அந்த இடைவெளியை மட்டும் ஒப்பிடுகிறார்கள். நம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும் சம்பளம் கேட்பதில்லையே. தரை சிமெண்டா மண்ணா, கழிப்பறை உண்டா, பிரிட்ஜ், டிவி, டூவீலர் உண்டா என்று கேட்டு நாட்டையே ஐந்து அடுக்காகப் பிரிக்கிறார்கள். அங்கே பாத்திர மிஷின், இங்கே டூவீலர். வழி ஒன்றுதான். அந்த அடுக்குகளில் கீழே இறங்க இறங்க நம் நாட்டு ஆண்களிடம் புகையிலை கூடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது பெரியவர்கள் கணக்கு.

பழையபேப்பர்

இதற்கு விடை சரித்திரத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

1948-இல் பிரிட்டனில் ஆண்களில் 82 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவத்தில் புகையிலை பிடித்தார்கள். சிகரெட் மட்டும் எடுத்தால் 65 சதவீதம். சுரங்கத் தொழிலாளியும் பிடித்தார், வக்கீலும் பிடித்தார், நோயாளிக்கு ஸ்டெதஸ்கோப் வைத்த டாக்டரும் பிடித்தார். வசதிக்கும் புகைக்கும் பெரிய சம்பந்தமே இல்லாத காலம் அது. 1950-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் நுரையீரல் புற்றுநோயையும் சிகரெட்டையும் இணைத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் டாக்டர்களுக்குக் கடிதம் போட்டு, அவர்களுடைய புகைப்பழக்கத்தையே பதிவு செய்யத் தொடங்கினார்கள். சுமார் 40,000 டாக்டர்கள் பதில் எழுதினார்கள். செத்துப்போன டாக்டர்களின் கணக்கைப் பார்த்துவிட்டு, முதலில் சிகரெட்டைக் கீழே போட்டதும் டாக்டர்கள்தான். 1962-இல் லண்டன் ராயல் காலேஜ் மருத்துவர்கள் அறிக்கை, 1964-இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி அறிக்கை. அதற்குப் பிறகு படித்த, வசதியான வர்க்கம் வேகமாக விலகியது. தொழிலாளி வீட்டில் அவ்வளவு வேகமாகக் குறையவில்லை.

1994-இல் லோபஸ் என்பவரும் இரண்டு பேரும் சேர்ந்து இதையே நான்கு கட்டமாக எழுதினார்கள். முதலில் ஆண்கள், பல வருடம் கழித்துப் பெண்கள். ஏறும்போது மேல்தட்டு முன்னால் போகும், இறங்கும்போதும் மேல்தட்டுதான் முன்னால் இறங்கும். கடைசிக் கட்டத்தில் அடுக்கின் அடியில் இருப்பவர்கள் கையில் மட்டும் சிகரெட் மிஞ்சும்.

ஆக, பணக்கார நாட்டில் இடைவெளி பெரிதாக இருப்பதற்குக் காரணம் ஏழைப் பிள்ளை புதிதாகக் கெட்டுப்போனதல்ல. வசதியானவர் மகன் கிளம்பிப் போய்விட்டான், இவன் இன்னும் அங்கேயே நிற்கிறான்.

டீக்கடைபெஞ்ச்

இது நல்லா இருக்கு. ஆனால் எல்லா நாடும் பிரிட்டன் போன வழியில்தான் போக வேண்டுமா? பிரிட்டனுக்கு 1950-இல் விஷயம் தெரியாது. இன்று எந்த நாட்டுக்குத் தெரியாது? பெட்டியில் 85 சதவீதம் இடத்துக்குப் புற்றுநோய்ப் படம் போட்டுத்தான் நம் ஊரில் விற்கிறார்கள். தெரிந்தேதான் பிடிக்கிறான்.

ஹனோவர்வாசி

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். நான் இங்கே பார்ப்பது பணத்தைவிட பள்ளிக்கூடம்.

பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகும் பாதை கிம்னாசியம். அதற்குக் கீழே நடுத்தரப் பாதை. அதற்கும் கீழே சீக்கிரம் முடித்துத் தொழில் கற்கப் போகும் ஹாப்ட்ஷூலே, இப்போது பல மாநிலங்களில் வேறு பெயரில் இணைத்துவிட்டார்கள். பத்து வயதில் போடும் இந்தக் கோடு பிள்ளையின் நண்பர் வட்டத்தையே முடிவு செய்கிறது. ராபர்ட் கோக் நிறுவனம் நடத்தும் பிள்ளைகள் நலக் கணக்கெடுப்பில் கிம்னாசியம் பிள்ளைகளிடம் புகை குறைவு, மற்றப் பள்ளிகளில் அதிகம் என்பது திரும்பத் திரும்ப வருகிறது.

என் ஊரான ஹனோவர் ஒரு ஆய்வில் இருந்தது, அதனால்தான் எனக்கு இந்த ஆர்வம். 2013-இல் ஆறு நகரங்கள்: பெல்ஜியத்தில் நமூர், பின்லாந்தில் தாம்பரே, இத்தாலியில் லத்தீனா, நெதர்லாந்தில் அமெர்ஸ்ஃபோர்ட், போர்ச்சுகலில் கோயிம்ப்ரா, இங்கே ஹனோவர். 14 முதல் 17 வயது மாணவர்கள். பெற்றோர் படிப்பு, வீட்டு வசதி எல்லாம் கேட்டார்கள். அவற்றைவிட அழுத்தமாக வந்தது பிள்ளையின் சொந்த மதிப்பெண். படிப்பில் பின்தங்கிய பிள்ளை, எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், புகைக்கும் வாய்ப்பு கூடுதல்.

எங்கள் குடியிருப்பிலேயே இதைப் பார்க்கலாம். ஒரே தெரு, ஒரே வாடகை, இரண்டு பிள்ளைகள். கிம்னாசியம் போகிறவன் பேருந்து நிறுத்தத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். தொழிற்பள்ளிக்குப் போகிறவன் இடைவேளையில் வாசலுக்கு வெளியே கூட்டத்தோடு நிற்பான். அங்கே அவனைவிட மூத்தவர்கள், வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறவர்கள் எல்லாம் கலந்து நிற்பார்கள்.

மதுரைமல்லி

ஹனோவர் அண்ணா, ஒரு சந்தேகம். நான் பள்ளியில் வேலை பார்க்கிறேன், அதனால் கேட்கிறேன். படிப்பில் பின்தங்கியதால் புகைக்கிறானா, புகைக்கிற கூட்டத்தில் சேர்ந்ததால் பின்தங்குகிறானா? ஒருமுறை மட்டும் எடுக்கும் கணக்கெடுப்பில் இது எப்படித் தெரியும்?

கணக்குப்புலி

மல்லி டீச்சர், தெரியாது. ஒரே நாளில் எடுத்த படம் அது. எது முன், எது பின் என்று பார்க்க அதே பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர வேண்டும். அப்படிப் பின்தொடர்ந்த ஆய்வுகள் இரண்டு பக்கமும் உண்மை என்கின்றன. கூடவே மூன்றாவது ஒன்று இரண்டுக்கும் பின்னால் நிற்கிறது: வீட்டில் அப்பா அம்மா புகைக்கிறார்களா என்பது. பணக்கார நாட்டில் இன்று வசதி குறைந்த வீட்டில்தான் புகைக்கும் பெற்றோர் அதிகம். பிள்ளைக்கு முதல் சிகரெட் எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் காசு கொடுத்து அல்ல. வீட்டு மேசையிலிருந்தோ, நண்பன் கையிலிருந்தோ.

டீக்கடைபெஞ்ச்

இப்போது கையில் இருக்கும் காசுக்கு வருவோம். நான் முதலில் சொல்ல நினைத்தது இதுதான். வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு, பையன் பாக்கெட்டில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு. கஞ்சப் பணக்காரன் மகனிடம் பஸ் காசுதான் இருக்கும். சாயங்காலம் மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்க்கிற பத்தாம் வகுப்புப் பையனிடம் தினமும் கைச்சம்பளம் இருக்கும். யார் வாங்குவான்?

ஹனோவர்வாசி

சரியான இடம். அதே ஆறு நகரத் தரவிலிருந்து 2017-இல் இன்னொரு கட்டுரை வந்தது. குடும்ப வசதியைத் தனியாக வைத்துவிட்டு, பிள்ளையின் கையில் புழங்கும் காசை மட்டும் பார்த்தார்கள். கைக்காசு கூடினால் புகையும் கூடுகிறது. வீட்டுப் பணம் ஒரு திசையில் இழுக்க, கைக்காசு எதிர்த் திசையில் இழுக்கிறது.

எடிசன்மாமி

அதற்காகப் பிள்ளைக்குக் காசே கொடுக்காமல் இருக்க முடியுமா? இங்கே அமெரிக்காவில் பதினாறு வயதில் எல்லாரும் கடைகளில் பகுதி நேர வேலைக்குப் போகிறார்கள். அது நல்ல பழக்கம் என்றுதான் நாங்களும் அனுப்புகிறோம். கைக்காசைப் பூட்டி வைத்து ஒழுக்கத்தைக் காப்பாற்றும் யோசனை எனக்கு ஒத்துவரவில்லை.

அப்புறம் நம் ஆட்களுக்கு ஒரு விஷயம். "வசதி குறைந்தால் புகை கூடும்" என்ற வாய்ப்பாடு இங்கே ஒரு பெரிய சுவரில் முட்டிக்கொள்கிறது. கறுப்பின அமெரிக்கப் பதின்வயதினர், சராசரியில் வெள்ளையரைவிட வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள். ஆனால் 1990-களிலிருந்து சிகரெட் கணக்கில் அவர்கள் வெள்ளைப் பிள்ளைகளைவிடத் தெளிவாகக் குறைவு. பெரியவர்களானதும் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது.

சுனியா லுத்தர் என்ற உளவியல் பேராசிரியர் இருந்தார், இந்தியாவில் பிறந்தவர். 1990-களின் கடைசியில் வடகிழக்கு அமெரிக்காவின் பணக்காரப் புறநகர்ப் பள்ளியையும், நகரத்தின் உள்ளே இருக்கும் ஏழைப் பள்ளியையும் ஒப்பிட்டார். புறநகர்ப் பிள்ளைகள்தான் சிகரெட்டிலும் மதுவிலும் கஞ்சாவிலும் மேலே நின்றார்கள். மதிப்பெண் அழுத்தம், வீட்டில் பெரியவர்கள் இல்லாத மாலை நேரம் என்று அவர் காரணம் தேடினார். எங்கள் ஊர்ப் பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

கணக்குப்புலி

மாமி, லுத்தர் ஆய்வு முக்கியமானதுதான். ஆனால் அந்த ஏழைப் பள்ளியில் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள், புறநகர்ப் பள்ளியில் பெரும்பாலும் வெள்ளையர். நீங்களே முதல் பத்தியில் சொன்ன இன வித்தியாசம் இரண்டாவது பத்திக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. பணத்தையும் இனத்தையும் அங்கே பிரித்தெடுப்பது கஷ்டம்.

அமெரிக்கக் குடும்பங்களைப் பல பத்தாண்டு தொடர்ந்து பார்க்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. 2012-இல் அதை வைத்து எழுதினார்கள்: சிறுவயதில் வீடு வசதி குறைந்திருந்தால் இளம் வயதில் சிகரெட், வீடு வசதியாக இருந்தால் இளம் வயதில் மதுவும் கஞ்சாவும். ஆக நம் இழைத் தலைப்பில் "சிகரெட்" என்று போட்டதால் ஒரு விடை, "போதை" என்று போட்டிருந்தால் வேறு விடை.

எடிசன்மாமி

அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெற்றோருக்கு வேண்டியது அந்த இரண்டாவது விடைதான். 2019-இல் இங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளில் 27.5 சதவீதம் பேர் முந்தைய முப்பது நாளுக்குள் மின்சிகரெட் இழுத்திருந்தார்கள். பென் டிரைவ் மாதிரி இருக்கும் அந்தப் பொருளை மடிக்கணினியில் சொருகி சார்ஜ் ஏற்றினால் எந்த அம்மாவுக்குத் தெரியும்? அதே ஆண்டு டிசம்பரில் புகையிலை வாங்கும் வயதை நாடு முழுக்க 21 ஆக்கினார்கள். 2024-இல் உயர்நிலைப் பள்ளி எண் 7.8 சதவீதம். குறைந்ததில் சந்தோஷம்தான்.

கிராம்பு

ஜகார்த்தாவில் வேலை. மேலே எழுதியதெல்லாம் படிக்கும்போது வேறு கிரகத்துச் செய்தி மாதிரி இருக்கிறது.

இந்தோனேசியாவில் 13 முதல் 15 வயதுப் பையன்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புகைக்கிறார்கள். பெண் பிள்ளைகளில் ஒற்றை இலக்க சதவீதம்தான். இவ்வளவு பெரிய ஆண் பெண் வித்தியாசத்துக்கு முன்னால் வீட்டு வசதி எல்லாம் சின்ன விஷயம். இங்கே பையன் ஆளாகிவிட்டான் என்பதன் அடையாளமே கிரெட்டெக், அதாவது கிராம்பு கலந்த சிகரெட். அரிசிக் கடையிலும் கிடைக்கும், பள்ளி எதிரே இருக்கும் தள்ளுவண்டியிலும் கிடைக்கும், ஒற்றை ஒற்றையாக. உலக நாடுகள் கையெழுத்திட்ட புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் இந்த நாடு சேரவே இல்லை. கிராம்பு விவசாயி, கையால் சுருட்டும் தொழிற்சாலைப் பெண்கள், அரசுக்கு வரும் வரி எல்லாம் ஒரே பக்கம் நிற்கின்றன.

இந்த நாட்டின் புள்ளியியல் துறை வறுமைக் கோட்டைக் கணக்கிடும்போது, ஏழை வீட்டுச் செலவில் அரிசிக்கு அடுத்த பெரிய பொருளாகச் சிகரெட் வருகிறது. முட்டைக்கும் மீனுக்கும் முன்னால். அந்த வீட்டுப் பையனை நாம் "ஏழை என்பதால் புகைக்கிறான்" என்பதா, "வீட்டில் புகைப்பதால் ஏழையாக இருக்கிறான்" என்பதா?

பழையபேப்பர்

நான்கு கட்டத்தில் நீங்கள் இரண்டாவது கட்டத்தில் இருக்கிறீர்கள், கிராம்பு சார். ஆண்கள் உச்சத்தில், பெண்கள் இன்னும் ஏறவில்லை.

கிராம்பு

கட்டம் சரி, ஆனால் அடுத்த கட்டத்துக்குத் தானாகப் போகாது என்பது என் கவலை. பெண்கள் ஏறியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஏறாமலே இறங்கவும் செய்யலாம், ஏறவும் செய்யலாம். விளம்பரக்காரர்களுக்கு அந்தக் காலி இடம் கண்ணில் பட்டிருக்கும். சோவியத் உடைந்த பிறகு பன்னாட்டு சிகரெட் நிறுவனங்கள் ரஷ்யாவுக்குள் நுழைந்து, மெலிந்த சிகரெட்டைக் காட்டி இளம்பெண்களைப் பிடித்தது தெரிந்த கதை. அங்கே அப்போது மேற்கத்திய சிகரெட் பெட்டி வசதியின் அடையாளம்.

ஒஸ்லோ_யாழ்

யாழ்ப்பாணத்தில் பிறந்து நோர்வேயில் இருக்கிறன். இங்கத்தைப் பிள்ளைகளிட்டை சிகரெட் கிட்டத்தட்டச் செத்துப்போச்சு. அதின்ரை இடத்தைச் சொண்டுக்குள்ளை, அதாவது உதட்டுக்குள்ளை, வைக்கிற ஸ்னூஸ் எண்ட புகையிலைப் பொட்டலம் பிடிச்சிட்டுது. சிகரெட்டிலை தொழிற்கல்விப் பிள்ளையளுக்கும் மற்றவைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது, ஸ்னூஸ் எல்லாரிட்டையும் போகுது. மணமில்லை, புகையில்லை, வாத்தியாருக்குத் தெரியாது.

நான் சொல்ல வந்தது ஐஸ்லாந்து பற்றி. 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 23 சதவீதம் பேர் தினமும் புகைத்தார்கள். 2016-இல் 3 சதவீதம். பயமுறுத்தும் பிரசாரத்தாலை மட்டும் வந்த மாற்றம் இல்லை. பின்னேரம் பள்ளி விட்ட பிறகு பிள்ளை எங்கே இருக்கிறது என்பதைக் கையிலை எடுத்தார்கள். விளையாட்டு, இசை, நாடகக் கழகங்களுக்குக் காசு போட்டார்கள். ரெய்க்யாவிக் நகராட்சி ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடத்துக்கு ஒரு தொகையை அட்டையாகக் கொடுத்தது, அந்தப் பணத்தைக் கழகக் கட்டணத்துக்கு மட்டும்தான் பாவிக்கலாம். 13 முதல் 16 வயதுப் பிள்ளை குளிர்காலத்திலை இரவு பத்து மணிக்குப் பிறகு பெரியவர் துணையில்லாமல் வெளியிலை நிற்கக்கூடாது என்று சட்டம். பெற்றோர்கள் கூட்டமாகத் தெருவிலை நடந்து பார்த்தார்கள்.

இதிலை வசதி எங்கே வருது என்றால், பணக்கார வீடு தன்ரை பிள்ளைக்குப் பின்னேரத்தைக் காசு கொடுத்து வாங்கும். நீச்சல், வயலின், டியூஷன். மற்ற வீட்டுப் பிள்ளைக்குப் பின்னேரம் தெருவிலை. ஐஸ்லாந்து அந்தப் பின்னேரத்தை எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தது.

டீக்கடைபெஞ்ச்

இந்த இழையில் இதுவரை வந்ததில் எனக்கு உறைத்தது இதுதான், அண்ணே. கைச்செலவுக் காசு, பாத்திர மிஷின் எல்லாவற்றையும்விட சாயங்காலம் நாலு மணி முதல் ஏழு மணி வரை.

ஆனால் ஐஸ்லாந்து மக்கள்தொகை நம் ஒரு மாவட்டத்துக்குக்கூடக் காணாது. மூன்றரை, நாலு லட்சம் பேர். தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அட்டை என்றால் முதலில் அட்டை அச்சடிக்கிறவர் பணக்காரர் ஆவார்.

மதுரைமல்லி

நம் ஊர்க் கணக்கு யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன்.

2004-இல் டெல்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில், ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. தனியார் பள்ளி, அரசுப் பள்ளி இரண்டும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம், அதாவது வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம், புகையிலை அதிகம். ஐரோப்பியப் பணக்கார நாட்டில் பார்த்த அதே போக்கு இங்கே முன்பே இருக்கிறது. அதைவிட எல்லாரையும் திடுக்கிட வைத்தது, எட்டாம் வகுப்பைவிட ஆறாம் வகுப்பில் பழகியவர் சதவீதம் இரண்டிலிருந்து நான்கு மடங்கு. வயது கூடினால் பழக்கம் கூடும் என்ற வழக்கமான கணக்கு தலைகீழ். சின்னவர்கள் இன்னும் அதிகமாக வெளிப்படுகிறார்களா, பழகிய பிள்ளைகள் எட்டாவதுக்கு முன்னாலேயே பள்ளியை விட்டுப் போகிறார்களா என்று விவாதம் நடந்தது. என் அனுபவத்தில் இரண்டாவதைத் தள்ளிவிட முடியாது. பழக்கத்தோடு பிடிபட்ட பையன் அடுத்த வருடம் வகுப்பில் இருப்பதில்லை. பள்ளியில் எடுக்கும் எந்தக் கணக்கிலும் அவன் வரமாட்டான்.

2019-இல் எடுத்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு புகையிலை பயன்படுத்தினார்கள். பையன்கள் 9.6, பெண்கள் 7.4. அருணாசலப் பிரதேசத்திலும் மிசோரத்திலும் 58 சதவீதம், இமாசலப் பிரதேசத்தில் 1.1 சதவீதம். இதை வசதியால் விளக்க முடியுமா? முடியாது. மிசோரம் ஏழை மாநிலம் என்றும் சொல்ல முடியாது, எழுத்தறிவில் முன்வரிசை. அங்கே புகையிலை விருந்தோம்பலின் பகுதி, வெற்றிலைத் தட்டு மாதிரி.

எங்கள் பள்ளிப் பக்கம் சிகரெட்டைவிட உதட்டுக்குள் வைக்கும் பொட்டலம்தான். 2013-இலிருந்து தமிழ்நாட்டில் குட்கா வகையறாவுக்குத் தடை இருக்கிறது, 2024-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையே இந்தப் பொட்டலங்களைப் பற்றிக் கேள்வி கேட்டது. கழிப்பறைக்குப் பின்னால் கிடக்கும் உறைகளைக் கூட்டி அள்ளுகிறவர் அந்தத் தடையைப் பற்றி என்னவென்று நினைப்பார் என்று தெரியவில்லை.

கணக்குப்புலி

டீச்சர் சொன்னதில் ஆண் பெண் எண்ணைக் கவனியுங்கள். பெரியவர்களில், 2016-17 கணக்கெடுப்பில், ஆண்கள் 42.4 சதவீதம், பெண்கள் 14.2. மூன்று மடங்கு வித்தியாசம். பிள்ளைகளில் 9.6, 7.4. அம்மா தலைமுறையில் இருந்த இடைவெளி மகள் தலைமுறையில் பெரும்பாலும் காணோம்.

பள்ளியை விட்டுப்போன பிள்ளை கணக்கில் வராதது ஐரோப்பாவிலும் உள்ள பிரச்சினைதான், அங்கே அளவு சிறியது. நம் நாட்டு எண்களைப் படிக்கும்போது ஏழை வீட்டுப் பக்கம் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் ஊகம்.

சினிமாப்பைத்தியம்

எல்லாத்துக்கும் காரணம் ஹீரோ தம் அடிக்கிறதுதான். பணம், பள்ளி எல்லாம் சும்மா.

எடிசன்மாமி

சினிமா ஒரு காரணம்தான், ஆய்வும் இருக்கிறது. 2003-இல் அமெரிக்காவில் பார்த்தார்கள்: படத்தில் புகைக் காட்சி நிறையப் பார்த்த பிள்ளை தொடங்கும் வாய்ப்பு கூடுதல், அதிலும் புகைக்காத பெற்றோரின் பிள்ளைக்குத்தான் பாதிப்பு அதிகம். வீட்டில் பார்க்காதவன் திரையில் பார்க்கிறான். ஆனால் ஒரே படம் எல்லா வர்க்கமும் பார்க்கிறது, அதனால் வர்க்க இடைவெளிக்கு அது விளக்கமாகாது, தம்பி.

பழையபேப்பர்

வரி பற்றி யாரும் பேசவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: விலை 10 சதவீதம் ஏறினால் பணக்கார நாடுகளில் நுகர்வு சுமார் 4 சதவீதம் குறையும், மற்ற நாடுகளில் சுமார் 5. இளையவர்களும் வசதி குறைந்தவர்களும் விலைக்கு இன்னும் அதிகமாக அசைவார்கள். இடைவெளியைக் குறைக்க உருப்படியான வழி என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். பாடப் புத்தகத்தில் எச்சரிக்கை எழுதினால் அதைப் படித்துத் திருந்துகிறவன் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவன், இடைவெளி கூடத்தான் செய்யும்.

டீக்கடைபெஞ்ச்

வரியைப் பெட்டிக்குப் போடுகிறார்கள். பையன் பெட்டியா வாங்குகிறான்? ஒரு சிகரெட் வாங்கி மூன்று பேர் மாற்றி மாற்றி இழுக்கிறார்கள். விலை ஏறினால் நான்காவது ஆள் சேர்ந்துகொள்வான். அதற்கும் முடியாவிட்டால் பீடி. பீடிக்கு வரி கைவைத்தால் திருநெல்வேலி, வேலூர் பக்கம் வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிற பெண்கள் பிழைப்பு என்று உடனே குரல் வரும், அந்தக் குரலில் நியாயமும் இருக்கிறது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக்கூடாது, 18 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது என்று 2003-லேயே சட்டம் போட்டாயிற்று. கடைக்காரர் "அப்பாவுக்கா?" என்று கேட்டுவிட்டுக் கொடுக்கிறார்.

கிராம்பு

ஒற்றை விற்பனைக்கு இங்கே 2024 ஜூலையில் தடை போட்டார்கள், வாங்கும் வயதையும் 21 ஆக்கினார்கள். மகாராஷ்டிராவில் 2020-லேயே ஒற்றை விற்பனைத் தடை வந்தது இல்லையா? அங்கே பலன் என்ன என்று யாராவது மும்பைக்காரர் எழுதினால் நல்லது. எங்கள் தெருக்கடையில் கண்ணாடி டம்ளரில் சிகரெட்டை நட்டு வைத்து விற்றார், இப்போது டம்ளர் கல்லாப் பெட்டிக்குள் போயிருக்கிறது. கேட்டால் எடுத்துத் தருகிறார்.

ஹனோவர்வாசி

நம்பிக்கைக்கு ஒன்று சொல்கிறேன். இங்கே தெருவுக்குத் தெரு சுவரில் சிகரெட் மிஷின் இருந்தது. 2007 தொடக்கத்தில் மிஷினில் வயது அட்டை செருகாமல் பெட்டி விழாது என்றானது, அதே ஆண்டு விற்பனை வயதை 16-லிருந்து 18 ஆக்கினார்கள். கடைக்காரரின் நல்ல மனதை நம்பி விட்டிருந்தால் இது நடந்திருக்காது. பதின்வயதுப் புகை மொத்தமாக நன்றாகக் குறைந்தது. கிம்னாசியத்துக்கும் மற்றப் பள்ளிக்கும் இடையே இருந்த விகிதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மதுரைமல்லி

கணக்குப்புலி சார், பெண் பிள்ளைகள் கணக்கைத் தனி இழையாகத் தொடங்குங்கள். எங்கள் பள்ளிக்கு உடனே வேண்டியது அதுதான்.

கணக்குப்புலி

தொடங்குகிறேன், டீச்சர். கிரீன்லாந்தில் 2010 வாக்கில் 15 வயதுப் பெண் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் வாரந்தோறும் புகைத்தார்கள், அதே கணக்கெடுப்பில் ஆர்மீனியாவில் ஒன்றிரண்டு சதவீதம்தான். அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். பொட்டலம் பற்றி நீங்கள் பள்ளியில் பார்த்ததையும் அங்கே வந்து எழுதுங்கள், பெயர் ஊர் இல்லாமல்.